வைத்த வெற்றிலையைத் திருப்பி எடுத்தேன்

தினேஷ், ஆமாம், எடுத்துக்கொண்டுதான் வந்தேன். உன் பழைய டீம் மேனேஜர் டத்தோ வீட்டு மேசையில் என் கையால் வைத்த தாம்பூலத் தட்டை, அவரும் அவர் மனைவியும் சேர்ந்து நின்று தொட்டு வாங்கிய பிறகு, வெற்றிலை, பாக்கு, பழம், உன் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றோடும் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். உன் பெரியம்மாவிடம் நானே போன் போட்டுச் சொன்னேன். "வச்ச வெத்தலைய எடுக்கிறதா? நம்ம சாதி சனத்துல எவளும் செஞ்சதில்லடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தெரியும். இனி உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் இல்லை, என் வீட்டுக்கு நீ இல்லை என்று அதற்கு அர்த்தம். அர்த்தம் தெரிந்துதான் எடுத்தேன். நீ கோலாலம்பூரிலிருந்து போனில் கத்தினாயே, அப்போது என்னை ஒரு வாக்கியம் முடிக்கவிட்டாயா? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நடுவே பாய்ந்து "போதும்மா" என்று சொல்ல முடியாது பார். உட்கார்ந்து கடைசிவரை படி. உன்னைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு யாராவது படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நடந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் நீ அதை எப்போதும் உன் பக்கத்திலிருந்தே சொல்கிறாய். என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது உனக்கு இருபத்திரண்டு வயது. முதல் முறையாகப் பெரிய பந்தாட்ட அணியில் இடம் கிடைத்த வருடம் அது. லீக்கை நிறுத்திவிட்டார்கள். பினாங்கில் நம் ஜெலுத்தோங் பிளாட்டில் எங்கே ஓடுவாய்? மாடிப்படியில் ஏறி இறங்கினாய். வராந்தாச் சுவரில் பந்தை அடித்து அடித்து எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் திட்டு வாங்கினாய். "ஒரு சீசன் போச்சுன்னா நான் போயிட்டேம்மா. அடுத்த வருசம் என்ன விடச் சின்னவன் ஒருத்தன் வந்து நிப்பான்" என்று ஒரு நாள் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தாய். அதில் நியாயம் இருந்தது. எனக்கு அது புரியாமலில்லை. பந்தாட்டக்காரனின் வயது கத்திரிக்காய் மாதிரி, முற்றினால் யாரும் தொடமாட்டார்கள். நானும் அந்த நாளில் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு பாயான் லெப்பாஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டுதானே இருந்தேன்? ஆபத்து இருக்கிறது என்று எல்லோரும் வீட்டில் படுத்துக்கொண்டால் உலை கொதிக்காது. ஆகவே, ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கியதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் நீ என்னோடு இத்தனை வருடம் சண்டை போடுகிறாய்.

லீக் மறுபடி தொடங்கப்போகிறது என்றதும் அவர் நம் வீட்டுக்கு வந்தார். அப்போது டத்தோ இல்லை, வெறும் டீம் மேனேஜர். படியேறி வந்த மூச்சிரைப்போடு வாசலிலேயே நின்று, கைக்குக் கிருமி மருந்து தடவிக்கொண்டு பேசினார். "அக்கா, பயப்படாதீங்கலா. இது வயசானவங்களுக்குத்தான் ஆபத்து. சின்னப் பசங்களுக்குச் சளி மாதிரி வரும், போகும். எல்லாரையும் ஒரே ஹோட்டல்ல வச்சிக்கிறோம். உங்க பிள்ளைய எம்பிள்ள மாதிரி பாத்துக்கிறேன்." அந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்கவில்லை. எம்பிள்ள மாதிரி. அவர் மகன் ஹரீஷும் உன் அணியில்தான் இருந்தான். உன்னைவிட ஒரு வயது சின்னவன், கோல்கீப்பர். அவன் ஹோட்டலுக்கு வரவில்லை. பரீட்சை இருக்கிறது என்று சொன்னார்கள். நாமும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அவர் சொன்ன மாதிரியே சளி போல வந்து போனது, உண்மைதான். தனி அறையில் அடைந்து கிடந்து வெளியே வந்தாய். கொஞ்ச நாள் ஓடாதே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதாக நீயே போனில் சொன்னாய். அதற்குள் அணியில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். ஆட்டம் நெருங்கியது. அவர் உன்னை மற்ற பையன்கள் நடுவில் நிறுத்தி, "ஆள் இல்ல தம்பி. நீ ஓக்கேதானே?" என்று கேட்டாராம். நீ "ஓக்கே சார்" என்றாயாம். இதைத்தான் நீ எனக்கு இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாய். "அவரு கட்டாயப்படுத்தலம்மா. நாந்தான் ஓக்கேன்னு சொன்னேன்." அடே, இருபத்திரண்டு வயதுப் பையனை அவன் கூட்டாளிகள் முன்னால் நிறுத்தி உனக்கு முடியுமா என்று கேட்டால், முடியாது என்று எவன் சொல்வான்? காலில் கட்டுப் போட்டிருந்தால்கூட முடியும் என்றுதான் சொல்வாய். அது அவருக்குத் தெரியாதா? இருபது வருடம் பையன்களை மேய்த்தவருக்கு?

அந்த ஆட்டத்தை நானும் உன் அப்பாவும் டிவியில் பார்த்தோம். ஆளில்லாத திடல், வெறும் நாற்காலிகள். நீங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதுகூடக் கேட்டது. இரண்டாம் பாதியில் பந்து வேறு எங்கேயோ இருந்தது. கேமரா தற்செயலாக உன் பக்கம் திரும்பியபோது, யாருமே உன்னைத் தொடாதபோது, நடுக்கோட்டுப் பக்கம் நீ மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தாய். நெஞ்சில் கை. "கால் பிடிச்சிக்கிச்சு போல" என்றார் உன் அப்பா. கால் பிடித்தவன் ஏனய்யா நெஞ்சைப் பிடிக்கிறான் என்று நான் கேட்டேன். அவர் எழுந்து சாவியைத் தேடினார். ஆஸ்பத்திரியில் எங்களை மேலே விடவில்லை. ஒரு சீன டாக்டரம்மா கீழே இறங்கி வந்து மலாயில் பொறுமையாகச் சொன்னார். கிருமி இதயத் தசையைத் தொட்டிருக்கிறது. காய்ச்சல் விட்டதும் ஓய்வு கொடுத்திருந்தால் தானாக ஆறியிருக்கலாம். ஓடியதால் தழும்பு நின்றுவிட்டது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிப் போட்டி ஆட்டம் வேண்டாம். தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டில் கீழிருந்து மேலே நிற்காமல் ஓடி, மேலே வந்துசேரும் எனக்காகக் காத்திருந்து "என்னாம்மா, இவ்வளவு லேட்டு?" என்று கிண்டல் பண்ணியவன் நீ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நம் பிளாட்டில் ஒரு மாடி ஏறிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை மட்டும் நீ சிரிக்காமல் இருந்திருந்தால் நான் அவரை என்றைக்கோ மன்னித்திருப்பேனோ என்னவோ.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் பழக்கூடையோடு வந்தார், நான் அதைக் கீழே காவல்காரரிடம் கொடுத்துவிட்டேன். உனக்குச் சொந்த உடல்நலக் கோளாறு என்று கிளப் பேப்பருக்குச் சொன்னது. சொந்தமாம்! பிறகு அவருக்கு டத்தோ பட்டம் வந்தது. பேப்பரில் அவர் படம் வந்த பக்கத்தை எடுத்து மீன் செதிளைச் சுற்றிக் குப்பையில் போட்டேன். கோபம் ஆறிவிட்டதா என்று கேட்பாய். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தேர் வரும் வழியில் உன் உடம்புக்காகத் தேங்காய் உடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, ஒரு தேங்காய்தான் உனக்கு. மீதி எல்லாம் அவருக்கு. அவர் தலையை நினைத்துக்கொண்டுதான் ஓங்கிப் போடுவேன். ஒன்றுகூட உடையாமல் உருண்டதில்லை. சாமி கும்பிடுகிற இடத்தில் இப்படி நினைக்கலாமா என்றால், முருகனும் சூரனைச் சும்மா விட்டுவிடவில்லையே.

இப்படி இருந்தவளிடம்தான் நீ போன மாதம் வந்து சொன்னாய். கல்யாணத்துக்குப் பிறகு பினாங்குக்கே வந்துவிடப் போகிறாய். கிளப்பில் இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் வேலை. டத்தோவே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். "பழச விடும்மா. நீயும் அப்பாவும் நேர்ல போய் வெத்தல வச்சிக் கூப்பிட்டாத்தான் மரியாதை" என்றாய். ஐந்து வருடமாக மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து போகும் பிள்ளை, பெண்டாட்டியோடு பக்கத்தில் வந்து குடியிருக்கப் போகிறான். அதற்காக ஒரு தட்டு வெற்றிலை வைக்க முடியாதா? முடியும் என்று சொன்னேன். பாசாரில் நல்ல கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து வாங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் என்றாலும், மனசார அழைக்கவே போனேன். இதை நீ நம்ப வேண்டும். சண்டை போடும் எண்ணத்தோடு நான் படியேறவில்லை.

அவர் மனைவி நல்ல பெண்மணி. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். குங்குமம் கொடுத்தேன், எடுத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து நின்று தட்டை வாங்கினார்கள். "தினேஷ் எங்க வீட்டுப் பிள்ள அக்கா. நாங்க இல்லாமலா?" என்றார் டத்தோ. பண்டான் கேக்கும் தேநீரும் வந்தன. கடல் தெரியும் அந்த முன்னறையில் ஹரீஷின் பட்டமளிப்புப் படம் மாட்டியிருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அந்தப் பெண் எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, பாவம், அந்தப் படத்தைக் காட்டி வாயைத் திறந்தாள்.

"நீங்க பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும் அக்கா. நல்ல வேளை, அந்தக் கொரோனா நேரத்துல இவன நாங்க அனுப்பல. நான்கூட எல்லாப் பசங்களும் போறாங்களே, போகட்டுமேன்னேன். இவருதான் வேண்டாம், ரிஸ்க்லா, பரீட்சைன்னு சொல்லிக்கலாம்னுட்டாரு. தினேஷுக்கு ஆனதப் பாத்தப்பறம்தான் இவரு சொன்னது எவ்வளவு சரின்னு புரிஞ்சிச்சு."

என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். உன் அப்பா கேக்கைக் கடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அப்ப யாருக்கும் ஒன்னும் தெரியாதுலா" என்றார் டத்தோ. "டாக்டருங்களுக்கே தெரியாது."

"தெரியாதப்ப என்னா செய்யணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே டத்தோ" என்றேன். "உங்க பிள்ளைய வீட்டுல வச்சிட்டீங்களே."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட உட்கார்ந்திருப்பேன். 'தப்புத்தான் அக்கா' என்று இரண்டு வார்த்தை போதும். கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எழுந்து தட்டை எடுத்தேன். அந்தப் பெண் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்தாள். உன் அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். காரில் ஜெலுத்தோங் வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். பிளாட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, "ஒரு ஆரஞ்சு அங்க விழுந்திருச்சு" என்றார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்கு இருக்கட்டும் என்றேன்.

இப்போது சொல், நான் செய்தது தப்பா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தாராளமாக ஊற்றியவர் அவர். ஆட்டம் வேண்டும், ஆபத்து கொஞ்சம்தான், இளம்பிள்ளைகள் தாங்குவார்கள் என்று அவர் தராசு பிடித்தது குற்றமில்லை. யாராவது ஒருவர் பிடிக்கத்தான் வேண்டும். அந்த ஆபத்து உண்மையிலேயே கொஞ்சமாகவும் இருந்திருக்கலாம். உன் கூட்டாளிகள் பலர் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நல்லபடியாக இருக்கட்டும். ஆனால் தராசுத் தட்டில் வைக்கும் நேரம் வந்தபோது தன் பிள்ளையைப் பின்பக்கமாக இறக்கிவிட்டு என் பிள்ளையை ஏற்றினாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "நான் என் மகனை அனுப்பவில்லை அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்" என்று அன்றைக்கு வாசலில் நின்று சொல்லியிருந்தால், நீ அப்போதும் போயிருப்பாய். எனக்குத் தெரியும், நீ போயிருப்பாய். அப்போதும் உனக்கு இதே தழும்பு விழுந்திருக்கலாம். ஆனால் நான் அந்த மனிதரின் காலில் விழுந்து என் பிள்ளை கல்யாணத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டிருப்பேன்.

"வேலை போச்சு, உனக்குச் சந்தோசந்தானே" என்று போனில் கேட்டாய். போகவில்லை. அன்று சாயங்காலமே அவர் உன் அப்பாவைக் கூப்பிட்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தினேஷ் வரட்டும் என்று சொல்லிவிட்டார். போய் அந்த வேலையில் சேர். அவர் போட்ட பிச்சை என்று நினைக்காதே, உன் கடன் என்றும் நினைக்காதே. உனக்குப் பந்து தெரியும், அதனால் சேர். ஒன்றே ஒன்று சொல்கிறேன், இது கோபத்தில் சொல்வதில்லை. நாளைக்கு உன் முன்னால் பதினேழு வயதுப் பையன் ஒருவன் காய்ச்சல் விட்ட கண்ணோடு வந்து நிற்பான். ஆட்டத்துக்கு ஆள் குறைவாக இருக்கும், மேலிருந்து நெருக்குவார்கள். அவனிடம் நீ ஓக்கேதானே என்று மட்டும் கேட்காதே. அவன் ஓக்கே என்றுதான் சொல்வான். அவனை உட்கார வை. அவன் உன்னைத் திட்டுவான், அழுவான், அவன் அப்பனும் வந்து சண்டை போடுவான். உட்கார வை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உனக்கு வந்துவிட்டது, நீ தெரியாதது போல் நடிக்க முடியாது.

காரில் வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் கீழே மண்டபத்தில் வேண்டாம், தண்ணீர்மலை உச்சியில் வைத்துக்கொள்ளலாம். அவரை நானே மறுபடி போய் அழைக்கலாம். மாப்பிள்ளை நீ முன்னால் ஏற, அவர் பின்னால் ஏற வேண்டும். நீ மூச்சு வாங்கி உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் அவரும் நிற்க வேண்டும், சனமெல்லாம் பார்க்க. இதை நினைத்ததும் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? வீட்டுக்கு வந்து வெற்றிலையைத் தண்ணீர் தெளித்து எடுத்து வைக்கும்வரை அந்த இனிப்பு நாக்கில் இருந்தது. பிறகு யோசித்தேன். அத்தனை படியையும் ஏறப்போவது யார்? நீதானே. என் வஞ்சம் தீர உன் நெஞ்சைப் படியேற்றினால், அவர் பிடித்த அதே தராசைத்தான் நானும் பிடிக்கிறேன். விட்டுவிட்டேன். மண்டபத்திலேயே நடக்கட்டும், படி இல்லாத மண்டபம்.

நீயே புது வெற்றிலை வாங்கிக்கொண்டு போய் அவரைக் கூப்பிடப்போவதாகச் சபதம் போட்டாயாமே, அப்பா சொன்னார். போ. உன் கல்யாணம், உன் நெஞ்சு. நீ மன்னிப்பது உன் உரிமை, நான் குறுக்கே நிற்கமாட்டேன். பெற்ற மனம் பித்து என்பார்கள், அந்தப் பித்தை நான் விடுவதாக இல்லை, நீயும் குறுக்கே நிற்காதே. அவர் வந்தால் நல்ல நாற்காலியில் உட்காரட்டும், வயிறாரச் சாப்பிடட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பது நான்தான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அவருக்கு முன்னால் வருகிறவருக்குத் தெளிப்பேன், பின்னால் வருகிறவருக்குத் தெளிப்பேன். அவர் என்னைத் தாண்டும்போது என் கை கீழேயே இருக்கும். அவருக்குப் புரியும், அது போதும். ஹரீஷையும் மறக்காமல் கூப்பிடு. அந்தப் பிள்ளை என்ன செய்தான், அப்பன் சொல்லுக்கு வீட்டில் இருந்தான், நல்லபடியாக இருக்கிறான். அவனுக்கு இரண்டு தரம் தெளிப்பேன், அவர் பார்க்க.

அம்மா